உப்போடை – கருங்கல்மேடு: நாற்பது நிமிடம்

உப்போடையிலிருந்து கருங்கல்மேட்டுக்கு வான்வழித் தூரம் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். பறக்கும் நேரம் நாற்பது நிமிடம். இந்த இரண்டு வரியையும் தொலைபேசியில் ஒரு நாளைக்கு இருபது பேருக்காவது சொல்லியிருப்பேன். முதல் வரி உண்மை.

என் பெயர் ஆறுமுகநயினார். உப்போடை விமான நிலையத்தின் பணி அலுவலர். பதவியின் பெயரைக் கேட்டு யாரும் எழுந்து நிற்க வேண்டாம். உப்பளங்களுக்கு நடுவே ஒரு ஓடுபாதை, தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம், பத்தொன்பது இருக்கை கொண்ட ஒரே ஒரு விமானம், அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். காலை எட்டு மணிக்கு விமானம் இங்கிருந்து கிளம்பும். மதியம் ஒரு தடவை வந்துபோகும். மாலை ஐந்தரைக்கு அங்கிருந்து திரும்பும். சாலையில் போனால் மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு ஏழு மணி நேரம். அதனால் மாதப் பாஸ் எடுத்து, பஸ்ஸில் போவது போல தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களும் உண்டு.

எங்களிடம் நேரத்தாள் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் நான்கு கட்டங்கள். நிலையத்துக் கடிகாரப்படி கிளம்பிய நேரம், இறங்கிய நேரம். விமானத்துக்குள் இருக்கும் கடிகாரப்படி அதே இரண்டும். விமானம் இறங்கியதும் விமானியிடம் கேட்டு எழுத வேண்டும் என்பது விதி. நாங்கள் செய்ததோ வேறு. காலையில் வந்து டீ குடிக்கும்போதே, கால அட்டவணையைப் பார்த்து அன்றைய நான்கு பயணத்துக்கும் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிடுவேன். ஒரு நிமிடம் முன்பின்னாக இருந்தால் தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்க விளக்கம் எழுத வேண்டும். யாருக்கு வேண்டும் அந்த வம்பு? கருங்கல்மேட்டிலும் அப்படித்தான். எங்கள் தாள்கள் பளிங்கு மாதிரி சுத்தமாக இருக்கும்.

விமானத்தில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கழிப்பறை வாசலில் வரிசை நிற்கும். வாசலில் இருக்கும் இட்லிக் கடையில், சாப்பிட்டுவிட்டு ஏறியவர்களே எட்டு இட்லி கேட்பார்கள். எல்லாருடைய செல்போனிலும் சார்ஜ் பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். நேரத்தை மட்டும் இறங்கியதும் செல்போன் தானே சரிசெய்துகொள்ளும், கைக்கடிகாரம் கட்டுகிறவர்கள் இப்போது ஏது? தலையில் வைத்து ஏறிய மல்லிகை வாடி வந்து இறங்கும். உயரத்தில் காற்று வறண்டிருக்கும் என்று ஒருவர் சொல்வார், சின்ன விமானம் உடம்பை உலுக்கிவிடும் என்று இன்னொருவர் சொல்வார். நானும் தலையாட்டுவேன். எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மனிதனுக்கு நிம்மதி.

மாரிச்செல்விக்கு அந்த நிம்மதி போதவில்லை.

கருங்கல்மேட்டில் விதைப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. மாமியார் வீடு உப்போடை. வாரத்தில் ஆறு நாள் காலையில் போய் மாலையில் வருவாள். கணவர் சுடலைமணி சரக்குக் கப்பலில் பிட்டர். சித்திரை மாதம் விடுமுறையில் வந்து மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனவர், இப்போது புரட்டாசியில் திடீரென்று திரும்பி வந்திருந்தார். அவர் வந்த மறுநாள் மாலை, விமானத்திலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

"அண்ணாச்சி, இந்த விமானம் நெசமாவே நாப்பது நிமிஷத்துலதான் போகுதா?"

"என்னம்மா இப்படிக் கேக்க? தெனமும் நீதான போய்ட்டு வாற."

"நான் தூங்குதேனோ மயங்குதேனோ தெரியலயே. தாள்ல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

நான் ஒரு கட்டுத் தாளை எடுத்து அவள் முன்னால் போட்டேன். விமானக் கடிகாரம் என்ற கட்டத்தில் எட்டு மணி, எட்டு நாற்பது. எட்டு மணி, எட்டு நாற்பது. பக்கம் பக்கமாக அதே. அவள் நான்கைந்து பக்கம் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் மாறலயா?"

அவள் தன் பையிலிருந்து மூன்று ஸ்கேன் அறிக்கைகளை எடுத்து வரிசையாக வைத்தாள்.

"வெக்கப்படுறதுக்கு இப்ப நேரம் இல்ல அண்ணாச்சி, அதனால சொல்லுதேன். அவுக வந்தது சித்திரை பத்து. மொத ஸ்கேன்ல புள்ளைக்குப் பதினாறு நாள் வளத்தி கூடக் காட்டுச்சு. தேதிய மறந்திருப்பேன்னு டாக்டரம்மா சொன்னாவ. அடுத்ததுல இருபத்தெட்டு நாள். இப்ப நாப்பத்திரண்டு. எங்க அத்தை இந்தக் கடைசித் தாளை மட்டும் போட்டோ புடிச்சு அவுகளுக்கு அனுப்பிட்டாவ. கணக்குப் பாத்தா அவுக கப்பல்ல இருந்த மாசத்துக்கு வருது."

"அவரு என்ன சொல்லுதாரு?"

"ஞாயித்துக்கெழமை எங்க அப்பா, அண்ணன்மார் எல்லாத்தையும் வரச் சொல்லியிருக்காவ. புள்ள என்னுது இல்லைன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லி, என்னைய அனுப்பி வச்சிருவாகளாம்." ஸ்கேன் தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கினாள். "தேதி தப்புன்னா எல்லாத் தாள்லயும் ஒரே தப்பால்லா இருக்கணும்? வாரத்துக்கு ரெண்டு நாள் ரெண்டு நாளா எப்படிக் கூடும்? என் புள்ள வாரத்துக்கு ஒம்பது நாள் வளந்திருக்கு. வாரத்துல பன்னெண்டு தடவ நான் இந்த விமானத்துல ஏறுதேன். அப்ப தடவைக்கு எவ்வளவு?"

நாற்பத்தெட்டைப் பன்னிரண்டால் வகுக்க எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. நாலு மணி நேரம். இருந்தாலும் தெரியாது என்று தலையை ஆட்டினேன். பயந்தவன் அப்படித்தான் ஆட்டுவான்.

அவள் இரண்டு டிபன் டப்பாக்களை மேசையில் வைத்துத் திறந்தாள். இரண்டிலும் ஈரத் துணியில் பச்சைப் பயறு. "ஒரே பயறு, ஒரே தண்ணி, ஒரே நேரத்துல நனைச்சேன். இந்த டப்பாவ எங்க ஆய்வகத்துலயே வச்சிருந்து இன்னைக்குத்தான் எடுத்தேன். இத நான் கொண்டு போய்க் கொண்டு வந்தேன், மூணு நாளா, ஆறு தடவ. முளைய எண்ணுறதுதான் என் வேல அண்ணாச்சி. இதுல நான் தப்புப் பண்ண மாட்டேன்."

ஆய்வகத்துப் பயறில் முளை ஒரு விரல்கணு நீளம் இருந்தது. பயணம் போன பயறில் சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்து, நுனியில் இலை எட்டிப் பார்த்தது. எனக்கு அந்த டப்பாவைத் தொடவே பிடிக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லல. விமானத்த நிறுத்தச் சொல்லல. ஒரே ஒரு ஆளுக்கு உண்மைய எழுதிக் குடுங்க. விமானக் கடியாரம் என்ன காட்டுச்சுன்னு உங்கள்ட்ட இருக்கும்லா?"

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள்கூட அதைக் கேட்டு எழுதியதில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. டப்பாக்களை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "டீ குடிக்கிற நேரத்துல எழுதுனதா எல்லாம்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் கேப்டன் பர்னாந்துவைத் தேடிப் போனேன். கடற்கரைக்காரர், அறுபது வயது, எதற்கும் அசராதவர். விமானத்தின் படியில் உட்கார்ந்து பேட்டரி ரேசரால் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். காலையில் மழமழவென்று வந்தவரை நானே பார்த்திருந்தேன். இந்தப் பாதைக்கு வந்த இந்த ஒரு வருடமாக அவர் நாளைக்கு இரண்டு தடவை சவரம் செய்வதையும் பார்த்திருக்கிறேன். நல்ல சுத்தமான மனிதர் என்று நினைத்திருந்தேன்.

நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்முன்பே, "தெரியும் நயினாரே. மொத வாரத்துலயே தெரியும்" என்றார்.

"பெறகு ஏன் சொல்லல?"

"சொன்னேனே. கடியாரம் நாலு மணி நேரம் முந்தி ஓடுதுன்னேன். தலைமை ஆபீஸ்காரன் வந்து கடியாரத்த மாத்துனான். திரும்பச் சொன்னேன், திரும்ப மாத்துனான். மூணாவது தடவ சொன்னா என்னைய மாத்துவான். அதனால எறங்குன ஒடன நானே திருத்தி வச்சிருதேன். நீரும் ஒருநாளும் கேக்கல."

"எல்லாருக்கும் கண்ணு அசந்திருதோ?"

"நாலு மணி நேரம் விமானி அசந்தா விமானம் எங்க வே இருக்கும்?" அவர் ரேசரை அணைத்தார். "எரிபொருளப் பாரும். நாப்பது நிமிஷத்துக்கு எவ்வளவு கொறையணுமோ அவ்வளவுதான் கொறையுது. அப்ப அந்த நாலு மணி நேரமும் என்ஜின் ஓடல. ஓடாத என்ஜின வச்சிக்கிட்டு, அந்த மலைக்கு மேல எது நம்மளப் புடிச்சிக்கிட்டு நிக்கி?"

உப்பளத்தின் வெள்ளை கண்ணைக் குத்தியது.

"அதக்கூட விடும். ஒருநாள் சந்தேகப்பட்டு, என் இருக்கைப் பட்டைப் பூட்டுல ஒரு நூலச் சுத்தி முடிச்சுப் போட்டேன். மலை தாண்டும்போது ஒரு சின்னக் குலுக்கல், வழக்கமா வாறதுதான். எறங்கும்போது பாத்தேன். பட்டை பூட்டுனபடி இருக்கு. நூல் அறுந்து காலுக்குக் கீழ கெடக்கு." குரலைத் தாழ்த்தினார். "எந்திரிச்சுப் போறோம் நயினாரே. போயி என்னத்தயோ செய்யுதோம். பெறகு வந்து, இருந்த எடத்துலயே இருந்தபடியே உக்காந்துக்கிடுதோம்."

"என்ன செய்யுதோம்?"

"அது தெரியாம இருக்கிற வரைக்கும் என்னால ஓட்ட முடியும்" என்றார்.

அன்று மாலையே மாரிச்செல்வியின் வீட்டுக்குப் போனேன். எனக்கு அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை. ஒருவேளை குற்ற உணர்ச்சியாக இருக்கலாம். சுடலைமணி முற்றத்தில் நின்றபடியே கேட்டார். உயரமான, பேச்சுக் குறைந்த மனிதர். மாமியார் உள்ளே இருந்து, "ஆள் செட் பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்காளா?" என்றார். எனக்குக் காது கூசியது.

"அண்ணாச்சி, தாளு இல்ல, பயறு இருக்குன்னா நான் எப்படி நம்ப?" என்றார் சுடலைமணி. "நாங்க கப்பல்ல கடியாரத்த நம்பித்தான் பொழைக்கோம். எங்கிட்டச் சாவி குடுக்கிற கைக்கடியாரம் ஒண்ணு இருக்கு. சனிக்கெழம நானே அத டப்பாவுல வச்சி ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாறேன். அவளும் நானும் போறோம். நீங்க சாட்சி."

"நாலு மணி நேரம் காட்டுனா?"

"காட்டுனா அவ கால்ல விழுதேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் மனைவியைப் பார்க்கவில்லை.

இருபத்தாறு வருடம் விமான நிலையத்தில் வேலை பார்த்தும் நான் அந்தப் பாதையில் பறந்ததில்லை. சனிக்கிழமை காலை முதல் தடவையாக ஏறினேன். எங்களைத் தவிர ஆறு பயணிகள். இருக்கைகள் ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் ஒன்று. மாரிச்செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "அண்ணாச்சி, நீங்க எம்பக்கத்துல இருங்க. அவுக அந்தப் பக்கம் இருக்கட்டும்" என்றாள். வீட்டில் இரண்டு நாளாக என்ன நடந்ததோ, அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. நடைவழிக்கு அந்தப் பக்கம் சுடலைமணி, ஒட்டிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். உப்பளங்கள் கட்டம் கட்டமாகக் கீழே போயின. நான் கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருக்க முடிவு செய்திருந்தேன். எண்ணிக்கொண்டும் இருந்தேன். மலை வந்தது. ஆயிரத்து நூற்றுப் பதினொன்று என்று எண்ணும்போது ஒரு சின்னக் குலுக்கல். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு என்று எண்ணினேன். நடுவில் எதுவும் இல்லை. வெளியே அதே மலை, அதே வெயில். ஆனால் நாக்கு ஒட்டிப்போயிருந்தது. சிறுநீர் முட்டியது. வயிறு பசியில் சுருண்டது. என் மடியிலிருந்த பிளாஸ்கைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய காபி வெதுவெதுப்பாகிப் போயிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததில்லை.

கருங்கல்மேட்டில் இறங்கியபோது நிலையத்துக் கடிகாரத்தில் எட்டு நாற்பது. நான் கழிப்பறைக்கு ஓடிவிட்டு வந்தேன். வருகைக் கூடத்தில் ஒரு பெஞ்சில் சுடலைமணி டப்பாவின் ஒட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். விரல் ஒத்துழைக்கவில்லை போலிருந்தது; இரண்டு தடவை நிறுத்தி வலது கையை உதறி நீவிக்கொண்டார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டு ஐம்பது.

கழிப்பறைக்குப் போய்வந்த பத்து நிமிடத்தையும் கழித்து அவரே கணக்குப் போட்டார். பிறகு பையிலிருந்து நாட்காட்டியை எடுத்து, சித்திரை பத்திலிருந்து வாரம் வாரமாக விரல் வைத்து எண்ணினார். கடைசி வாரத்தில் விரல் நின்றது.

"சரியா வருது" என்றார். "நாப்பத்திரண்டு நாள். ஒரு நாள் கூடல, கொறையல."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மாரிச்செல்வியும் அழுதாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கும் கண் கலங்கியது. இனி வேலை போனாலும் பரவாயில்லை, திரும்பிப் போனதும் நேரத்தாளில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

சுடலைமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். நாட்காட்டியை இன்னொரு தடவை பார்த்தார். அவர் முகத்தில் எதுவோ மெதுவாக மாறியது.

"தெனமும் எட்டு மணி நேரம்" என்றார். "மொத்தம் ஆயிரம் மணி நேரம். உனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லயா?"

"யாருக்குங்க ஞாபகம் இருக்கு? உங்களுக்கு இருக்கா?"

"என்னைய விடு. ஒன்னயக் கேக்கேன். கூட இருந்ததெல்லாம் ஆம்பளைங்கதான? யாருக்கும் ஞாபகம் இல்ல. எவனும் சாட்சி இல்ல." குரல் மிகவும் தணிந்திருந்தது. "அந்த ஆயிரம் மணி நேரத்துல அங்க என்ன நடந்துச்சுன்னு நான் யாரக் கேக்க?"

சந்தேகத்துக்கு ஒரு வாசலை அடைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? அதற்கு ஆயிரம் மணி நேர அகலத்தில் இன்னொரு வாசல் கிடைத்துவிட்டது.

மாரிச்செல்வி அழுகையை நிறுத்தினாள். பிறகு, இறங்கியதிலிருந்து மூடி வைத்திருந்த சேலை முந்தானையை இடது கையிலிருந்து விலக்கினாள்.

மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம் கன்றிச் சிவந்து, ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. ஒரு கணம் பிடித்த பிடி அல்ல. மணிக்கணக்காகப் பிடித்த பிடி. ஒரு விரலின் தடத்துக்கு நடுவே மோதிரத்தின் விளிம்பு சதைக்குள் பதிந்திருந்தது.

சுடலைமணி தன் வலது கையைப் பார்த்தார். அதைச் சட்டைப் பைக்குள் நுழைக்கப் போனவர், மோதிரம் தட்டியதும் நிறுத்திக்கொண்டார்.

"இருநூத்தம்பத்திரண்டு தடவ இந்த விமானத்துல போயி வந்திருக்கேன்" என்றாள் அவள். "ஒருநாளும் என் மேல ஒரு கீறல் இருந்ததில்ல. இன்னைக்கு ஒரே ஒரு தடவ நீங்க கூட வந்தீய."

"எனக்கு ஞாபகம் இல்ல செல்வி. சத்தியமா..."

"எனக்கும் இல்ல. அந்த மட்டுக்கும் சந்தோசம்." பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "ஞாயித்துக்கெழம யாரும் வர வேண்டாம்னு எங்க அப்பாட்ட நானே சொல்லிக்கிடுதேன். இங்க எங்க ஆபீஸ் குவாட்டர்ஸ்ல ஒரு ரூம் காலியா இருக்கு. புள்ள இங்கயே பொறக்கட்டும். இனி அது வாரத்துக்கு ஏழு நாள் வளந்தாப் போதும்."

அவர் அவளை மறிக்கவில்லை. அவள் என்னைத் தாண்டும்போது நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்தாள், மேலிருந்து கீழே. பிறகு வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.

அவள் எதைப் பார்த்தாள் என்று குனிந்து பார்த்தேன். தனக்கும் அவருக்கும் நடுவே என்னை உட்காரச் சொல்லியிருந்தாள். அவர் கை என்னைத் தாண்டித்தான் அவளிடம் போயிருக்க முடியும், நாலு மணி நேரமும். தடுத்ததற்கு அடையாளமாக என் கையில் ஒரு கீறல் இல்லை. ஒரு பொத்தான் தெறிக்கவில்லை. காலையில் தேய்த்துப் போட்ட சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.